அளவு ஜாக்கெட்

முப்பத்தி ஏழு, முப்பத்தி எட்டு, முப்பத்தி… ஹால்ல அவர் புரண்டு படுத்தாரு, எண்ணிக்கை போச்சு. மறுபடியும் மொதல்ல இருந்தா? ஐயோ சாமி, என்னால ஆகாது. ஞாயித்துக்கிழமை மத்தியானம், அக்னி நட்சத்திரம், கரூர் வெயில், மொட்டை மாடிக்கு நேர் கீழ வீடு. குழாயைத் திறந்தா வெந்நீர் வருது, சுவத்துல சாஞ்சா முதுகு சுடுது. ஊரே தண்ணி தெளிச்ச தரையில படுத்துத் தூங்குற நேரத்துல நான் கட்டில் ஓரத்துல உக்காந்து குரோஷா ஊசியோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கறேன். எனக்கு நானே ஒரு மேல்சட்டை போட்டுக்கறேனாம். இந்தக் கையால டிவிக்கு உறை போட்டாச்சு, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்குப் போட்டாச்சு, நிலைவாசல் தோரணம், சோபா முதுகு, மிதுனா கைக்குழந்தையா இருந்தப்ப குல்லா. வீட்டுல அசையாம இருந்த சாமான் எதையும் நான் விட்டு வச்சதில்ல. எனக்குன்னு ஒண்ணு போட்டதில்ல. அதைக் கண்டுபிடிச்சவ மிதுனாதான், பெங்களூர்ல உக்காந்துக்கிட்டு, வீடியோ கால்ல. "அம்மா, நைட்டிக்கு மேல துண்டு, துண்டுக்கு மேல வேர்வை. பாக்கவே சகிக்கல. காட்டன் நூல் அனுப்பறேன், வலை மாதிரி காத்தோட்டமா ஒரு டாப் போட்டுக்கோ. உன் அளவுக்கே போடு"ன்னா. உன் அளவுக்கே. சொல்றதுக்கு என்ன, வாய்க்கா வலிக்கப் போகுது? ரெண்டே நாள்ல நூல் வந்து இறங்கிருச்சு, மாம்பிஞ்சுப் பச்சை. கூடவே ஒரு வீடியோ. அதுல ஒரு பொண்ணு, நல்ல வளர்த்தி, சிரிச்சுக்கிட்டே சொல்றா, யாரோட அளவும் வேண்டாம், உங்க உடம்பை நீங்களே அளந்து போடுங்க, டேப்பை இறுக்கவும் வேண்டாம், தொங்க விடவும் வேண்டாம், உடம்பு என்ன சொல்லுதோ அதை எழுதிக்கோங்கன்னு. உடம்பு என்ன சொல்லும்? ரெண்டு வருஷமா அது சொன்னதை எல்லாம் நான் கேட்டாச்சு. மறுபடியும் எண்ணு. ஒண்ணு, ரெண்டு, மூணு, ஒவ்வொரு கண்ணியா விரலை வச்சு நகத்தி, நாப்பத்தி ரெண்டு. சரிதான், விடுபடல. அடுத்த வரிசை.

அளவுன்னா எனக்குத் தெரிஞ்சது அளவு ஜாக்கெட்தான். கல்யாணமாகி கரூர் வந்த புதுசுல பேபியக்கா தெச்ச அரக்கு ஜாக்கெட் ஒண்ணு, கை ஓரம் நூல் விட்டு, கொக்கி ரெண்டு மாத்தி, இன்னமும் பீரோவுல அடியில கிடக்குது. அதை இதுவரைக்கும் எத்தனை தடவை மஞ்சப்பையில போட்டு பேபியக்கா கடைக்குக் கொண்டு போயிருப்பேன். "இதே அளவுங்களா?"ம்பாங்க. "இதே அளவுதாங்க்கா, ஒரு விரக்கடை லூஸ் வச்சு." அவ்வளவுதான் பேச்சு. ஒரு நாளும் என் மேல டேப் பட்டதில்ல. மிதுனா பொறந்து ஊதினேன், ஒரு விரக்கடை லூஸ். அப்புறம் இளைச்சேன், ஒரு விரக்கடை பிடிச்சு. உடம்பு அதும்பாட்டுக்கு ஏறி இறங்கி எங்கெங்கயோ போயிட்டு வந்துச்சு, அளவு ஜாக்கெட் மட்டும் இருபத்தி ரெண்டு வயசுலயே நின்னுக்கிச்சு. ஆபரேஷன் முடிஞ்ச பொறகும் அதையேதான் கொண்டு போய்க் குடுத்தேன். பேபியக்கா கேட்டாங்க, "இதே அளவுங்களா?" நான் சொன்னேன், "இதே அளவுதாங்க்கா." இடது பக்கம் மொத்தமா எடுத்தாச்சு, அங்க இப்ப ஒரு கோடுதான் இருக்குது, அக்குள்ல இருந்து நடு நெஞ்சு வரைக்கும், தையல் தெரியாத பிள்ளை தெச்ச மாதிரி கோணலா. அது பேபியக்காவுக்குத் தெரியாது. "கர்ப்பப்பையில சின்னக் கட்டி"ன்னு தெருவுக்கே ஒரு கதை சொல்லி வச்சிருக்கறோம். கர்ப்பப்பைன்னா சொல்லலாமாம், மார்புன்னா சொல்லக் கூடாதாம். யார் போட்ட சட்டமோ தெரியல, நானும் கேக்காம ஒத்துக்கிட்டேன். ஜாக்கெட் வந்துச்சு, ரெண்டு பக்கமும் ஒரே எடுப்பா, கச்சிதமா. ஒரு பக்கத்துக்கு ஆள் இல்ல. கடையில வாங்கின ஜெல் ஒண்ணைச் சொருகிப் பாத்தேன், வெயிலுக்கு அது கொதிச்சுக் கெடந்துச்சு. அப்புறம் நானே ஒண்ணு போட்டேன், குரோஷாவுலயே, வெள்ளை நூல்ல உருண்டையா, உள்ள பழைய தலகாணியில இருந்து எடுத்த இலவம் பஞ்சு. பொம்மைன்னு பேர் வச்சிருக்கறேன் அதுக்கு. காலையில எந்திரிச்சதும் மொத வேலை பல்லு விளக்கறது இல்ல, பொம்மையை எடுத்து வைக்கிறது. அது பாட்டுக்கு வேர்வையைக் குடிச்சுக்கிட்டு உள்ள கிடக்கும், சாயங்காலமானா அரிக்கும். சொறியவும் முடியாது. அங்க தோல் மரத்துப் போயிருக்குது, சொறிஞ்சா சொறியறது யாரையோன்னு இருக்குது. அரிப்பு மட்டும் என்னுது.

பத்தொன்பது, இருபது. கை வலிக்குது. இந்த இடது கை ஆபரேஷனுக்குப் பொறகு சாயங்காலத்துக்குள்ள வீங்கிக்குது, தண்ணிக்குடம் தூக்காதே, ஊசி போட விடாதேன்னு ஆயிரம் சட்டம் அதுக்கு, மாப்பிள்ளை மாதிரி. நூலைப் பிடிக்கற விரல் இறுகுனா கண்ணி இறுகும். டாக்டரைப் பாக்கறதுக்காக வராண்டாவுல காத்துக் கெடந்தப்ப ஒரு சின்ன விரிப்பு பின்னினேன், பிரிச்சுக் கூடப் பாக்க முடியாது, பலகை மாதிரி அவ்வளவு இறுக்கம். இந்தப் பச்சை நூல்ல அப்படி இறுகக் கூடாதுன்னு பாக்கறேன். மனசு எங்கயாச்சும் போனா விரலும் கூடப் போகுது. அடுத்த மாசம் செக்கப். பின்பக்கம் ஒரு வலி, விலா எலும்புக்குக் கீழ, நாலஞ்சு நாளா. உக்காந்து பின்னுற வலிதான். அதேதான். வேற எதுவும் இல்ல. எலும்புக்குப் போகும்னு ஆஸ்பத்திரியில பக்கத்துப் படுக்கைக்காரம்மா சொன்னாங்களே, முதுகுலதான் மொதல்ல… சீ, வாயை மூடு, பின்னு. யாருகிட்டயும் சொல்லவும் முடியாது. சொன்னா வருவாங்க. ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் தூக்கிக்கிட்டு வந்து வரிசையா உக்காருவாங்க. அவரோட அக்கா, எங்க நங்கையா, வீட்டு ஆளுங்கறதால நெஜம் தெரிஞ்சவங்க, வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னாங்க? "போனது போச்சு, உசுரு இருக்குதில்ல. இந்த வயசுல அது இருந்து என்ன பண்ணப் போற?" நல்லா இருக்குது நாயம். இந்த வயசுல உங்களுக்கு மூக்கு இருந்து என்ன பண்ணப் போறீங்கன்னு கேக்கலாம்னு வந்துச்சு, காபி ஆறுது குடிங்கன்னு சொன்னேன். எல்லாருக்கும் சிரிச்ச மொகமா பதில் சொல்லிச் சொல்லியே நான் ஓஞ்சு போயிட்டேன். நோய்ல கூட இவ்வளவு அசரல.

அவர் ஒண்ணும் சொல்லல. அதுதான் பெரிய கஷ்டம். தண்டபாணிக்கு வாய் கம்மி, கல்யாணத்தன்னிக்கே என் சித்தப்பா கேலி பண்ணினாரு, கோகிலவாணிக்கு ஏத்த தண்டபாணி, வாணி பேசும் பாணி கேக்கும்னு. பெட்ஷீட்டும் மேஜைவிரிப்பும் வெளிநாட்டுக்கு அனுப்பற கம்பெனியில செக்கிங். நாளெல்லாம் மேஜை மேல துணியை விரிச்சு, டேப் வச்சு, மூலைக்கு மூலை அளந்து, ரெண்டு பக்கமும் சரியா இருக்குதான்னு பாக்கறதுதான் உத்தியோகம். அரை சென்டிமீட்டர் தப்பினாலும் ரிஜெக்ட். எங்க தப்போ அங்க ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டணும். அந்த அம்பு அவர் சட்டையில ஒட்டிக்கிட்டு வரும், துவைக்கும்போது பிச்சுப் போடுவேன். அதே மாதிரி ஒரு நாள், ஆஸ்பத்திரியில இருந்து வந்த புதுசு, துணி மடிச்சு வச்சிட்டுக் கண்ணாடியில பாக்கறேன், என் துண்டுல, சரியா இடது பக்கம், சிவப்பு அம்பு. அவர் சட்டையில இருந்து ஒட்டிக்கிட்டதுதான், தெரியும். தெரிஞ்சும் பாத்ரூம்ல போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன். அவர்கிட்ட சொல்லல. அன்னிக்கிருந்துதான் அவர் முன்னாடி துண்டில்லாம நான் நின்னதில்ல, அவரும் ஹால்லயே படுக்க ஆரம்பிச்சாரு. இல்ல, அவர் அதுக்கு முந்தியே ஹாலுக்குப் போயிட்டாரு. வந்த அன்னிக்கு ராத்திரியே பாயையும் தலகாணியையும் எடுத்துக்கிட்டு, "உள்ள ஃபேன் காத்தே வரல"ன்னு சொல்லிட்டுப் போனாரு. ரெண்டும் ஒரே கடையில ஒரே நாள்ல வாங்கின ஃபேனு. ஒரே கம்பெனி, ஒரே இறக்கை. இது மட்டும் எப்படிக் காத்து வராமப் போகும்? ரெண்டு வருஷமா இந்த ஃபேனை அண்ணாந்து பாத்துக்கிட்டே தூங்கறேன். நல்லாத்தான் சுத்துது.

சரி, முன்பக்கம் மார்பு வரைக்கும் ஏறியாச்சு. வீடியோப் பொண்ணு சொன்ன மாதிரி ரெண்டு பக்கமும் கொஞ்சம் எடுப்பு வர்றதுக்கு அரை அரை வரிசையாக் கூட்டிப் போட்டிருக்கறேன். ஒரு தடவை மேல வச்சுப் பாத்துறலாம். கதவைச் சாத்தியாச்சு. துண்டை எடுத்து நூல் பைக்கு அடியில போட்டாச்சு. நைட்டி முழுக்க நனைஞ்சு கெடக்குது, அதையும் கழட்டிப் பாவாடையை ஏத்திக் கட்டிக்கறேன். பொம்மை ஊறிப் போய்க் கனமா இருக்குது, எடுத்து ஜன்னல் கட்டையில வெயில்ல வைக்கறேன், காயட்டும் பாவம், அதுக்கும் வேக்காடுதானே. பாதிப் பின்னலை நெஞ்சு மேல வச்சு, ரெண்டு மேல் மூலையையும் விரலால பிடிச்சுக்கிட்டு பீரோ கண்ணாடி முன்னாடி நின்னா, அட கடவுளே. வலது பக்கம் அப்படியே வந்து உக்காந்திருக்குது, அளவெடுத்த மாதிரி. அளவெடுத்துத்தானே போட்டேன். இடது பக்கம் ஒரு பை தொங்குது. மாம்பிஞ்சுப் பச்சையில ஒரு காலிப் பை. எப்படி? டேப் வச்சேன், ஒண்ணுக்கு ரெண்டு தடவை பாத்தேன், எழுதினேன். அன்னிக்கு பாத்ரூம்ல தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு… அடப்பாவி மனுசி. பொம்மையை வச்சுக்கிட்டே அளந்திருக்கறேன். யாரும் பாக்காத இடத்துல, எனக்கு நானே அளக்கும்போது கூட. கை பழக்கத்துல எடுத்து வச்சிருக்குது, நானும் அதுக்கு மேல டேப்பை ஓட்டி, உடம்பு சொல்லுதுன்னு எழுதியிருக்கறேன். இலவம் பஞ்சு சொன்ன அளவு அது. முதுகு அளவு இன்னும் மோசம். முதுகை நாமளே அளக்க முடியாது, டேப் ஒரு தோள்ல நின்னா இன்னொரு தோள்ல நழுவுது, அதனால அளவு ஜாக்கெட்டை விரிச்சு அதுல இருந்து எடுத்துக்கிட்டேன். முன்பக்கம் பொம்மைக்கு, பின்பக்கம் இருபத்தி ரெண்டு வயசுக்காரிக்கு. எனக்குன்னு போட்டதுல நான் எங்கயுமே இல்ல.

சிரிப்புதான் வருது. என்ன பண்ணலாம்? ஒண்ணும் பண்ண வேண்டாம், அப்படியே போட்டு முடிச்சுட்டு பொம்மையை உள்ள வச்சா சரியாப் போயிரும், யாருக்கும் தெரியாது. அப்புறம் இது எதுக்கு? வேக்காட்டுக்குன்னு வலை மாதிரிப் பின்னி, அதுக்குள்ள ஒரு பஞ்சுத் தலகாணியை வச்சுக்கிட்டு அலையறதுக்கா? பிரிச்சுட்டு என் அளவுக்குப் போட்டா தட்டையாத் தெரியும். வலையில வேற, உள்ள ஒரு பனியன் போட்டாலும் பளிச்சுனு தெரியும். தெரிஞ்சா? தெருவுல தெரியறதைப் பத்திப் பயமில்ல, தெருவுக்கு நான் இதைப் போட்டுக்கிட்டுப் போகப் போறதில்ல. பயம் இந்த வீட்டுக்குள்ளதான். ஹால்ல பாய் விரிச்சுப் படுத்திருக்கற ஒரு ஆள், நாளெல்லாம் ரெண்டு பக்கமும் சரியா இருக்குதான்னு பாக்கற ஆள், சோத்துத் தட்டோட நிமிந்து பாக்கும்போது அந்தக் கண்ணுல என்ன தெரியும்? அதுக்குத்தான் பயம். கேன்சருக்குக் கூட இவ்வளவு பயப்படல, நெஜமா. ரெண்டு வருஷமா அந்த ஒரு பார்வையைத் தள்ளிப் போடறதுக்குத்தான் துண்டு, பொம்மை, இந்த மூடின கதவு எல்லாம். எனக்கு அலுத்துப் போச்சு. மறைக்கறது ஒரு வேலை, தினமும் லீவு இல்லாத வேலை. கட்டில்ல உக்காந்து ஊசியை உருவிட்டு நூல் முனையைப் பிடிச்சு இழுக்கறேன். குரோஷாவுல இது ஒண்ணு, போட நாள் கணக்கு, பிரிக்க ஒரு இழுப்பு. கண்ணி கண்ணியாக் கழண்டு வருது, பொல பொலன்னு. சுருண்டு சுருண்டு மடியில விழுது. மூக்கு உறிஞ்சற சத்தம் யாருதுன்னு பாத்தா என்னுது.

"வாணி?" ஹால்ல இருந்து அவர் குரல். "என்ன ஆச்சு? டீ வைக்கட்டுமா?"

ஒண்ணுமில்லீங்கன்னு சொல்லணும். நாக்கு நுனியில இருக்குது, ரெண்டு வருஷமாச் சொல்லிச் சொல்லித் தேஞ்ச வார்த்தை. துண்டு நூல் பைக்கு அடியில, பொம்மை ஜன்னல்ல. ரெண்டு எட்டு வச்சா எடுத்துறலாம். கால் எந்திரிக்க மாட்டேங்குது. அலுப்புதான், வேற வீரம் ஒண்ணும் இல்ல.

"ஏனுங்க. உங்க பையில இருந்து டேப்பை எடுத்துக்கிட்டு சித்த உள்ள வாங்க. முதுகு அளக்கணும், எனக்கு எட்டல."

பை ஜிப் திறக்கற சத்தம். கதவு திறக்குது. லுங்கி பனியனோட, தூங்கின கன்னத்துல பாய்க் கோடு. என்னைப் பாக்கறாரு, ஜன்னல்ல இருக்கற பொம்மையைப் பாக்கறாரு, மறுபடி என்னை. நான் முதுகைத் திருப்பிக்கறேன். டேப் நுனியில இருக்கற தகடு தோள்ல பட்டு ஜில்லுங்குது. ஒரு எலும்புல கட்டைவிரலை வச்சு அழுத்தி, இன்னொரு எலும்பு வரைக்கும் நேரா இழுத்துப் பிடிக்கறாரு, கம்பெனியில பிடிக்கற மாதிரி.

"முப்பத்தி ஏழரை."

"இஞ்ச்ல சொல்லுங்க."

"எனக்கு இஞ்ச் வராது. துணி வாங்கற வெளிநாட்டு பையருக்கு எல்லாம் சென்டிமீட்டர்தான்."

பால்பாயின்ட் பேனாவால உள்ளங்கையில எழுதிக்கறேன். அவர் போகல. பின்னாடியே நிக்கறாரு, மூச்சு முதுகுல படுது.

"முன்னாடி?" அப்படிங்கறாரு.

திரும்பறேன். கண்ணை மூடிக்கிட்டுத்தான் திரும்பறேன், பொய் சொல்வானேன். வலது தோள்ல தகடு, கீழ இடுப்பு வரைக்கும். "நாப்பத்தி நாலு." அப்புறம் இடது தோள்ல. டேப் இறங்கி வருது, கோட்டுக்கு மேல வந்ததும் நிக்குது.

"பட்டா வலிக்குமா?"

"இல்லீங்க. மரத்துப் போயிருக்குது."

"எப்ப இருந்து?"

"மொதல்ல இருந்தே."

"நான் தூக்கத்துல கையைத் தூக்கிப் போடறவன்." அவ்வளவுதான் சொன்னாரு. சொல்லிட்டு டேப்பைக் கீழ வரைக்கும் இழுக்கறாரு. "முப்பத்தி ஒம்பது."

கண்ணைத் திறக்கறேன். அவர் கண்ணு டேப்புல இருக்குது. இவ்வளவு நாள் மனசுக்குள்ளயே சுத்திச் சுத்தி வந்த வார்த்தை, அது வாயில வந்துருச்சு. "அஞ்சு சென்டிமீட்டர் வித்தியாசம். உங்க கம்பெனியில இது ரிஜெக்ட்டுதானுங்க? அம்பு ஒட்டிருவீங்க."

நிமிந்து பாத்தாரு. கோவம் வந்துருச்சு அவருக்கு, மூக்கு விடைச்சுது. "என்ன பேச்சு பேசற நீ? சாம்பிள் பீஸ்ல யாராச்சும் அம்பு ஒட்டுவாங்களா? சாம்பிளை வச்சுக்கிட்டுத்தான் மத்த பீஸைப் பாப்போம். சாம்பிள் எப்படி இருக்குதோ அதுதான் அளவு. இத்தனை வருஷமாக் கம்பெனிக் கதை கேக்கற, இது தெரியாதா?" திட்டிக்கிட்டே டேப்பைச் சுத்தறாரு, சரியாச் சுத்த வரல, பிரிச்சு மறுபடி சுத்தறாரு. "எழுதிக்கிட்டயா? ரெண்டையும் தனித்தனியா எழுதிக்கோ. இடது எது, வலது எதுன்னு மாத்திப் போட்டுறாத."

எழுதிக்கறேன். வேர்வையில மை பரவுது. இடதுன்னு எழுதி முப்பத்தி ஒம்பது. இந்தக் கையால இத்தனை நாள்ல எழுதின மொத உண்மையான அளவு. அழுகை வருது, வரட்டும், துடைக்கத் துண்டு கூடக் கையில இல்ல. பிரிச்ச நூலை எடுத்து உருட்டறேன். சுருள் சுருளா இருக்குது, பழைய கண்ணியோட மடிப்பு போகல. போட்டுத் துவைச்சா நேராயிரும். இறுக்காம, தளர்வா, மொத செயின் கண்ணி. ஒண்ணு, ரெண்டு, மூணு.

அவர் டீ வைக்கப் போவாருன்னு பாத்தேன், போகல. ஃபேனுக்குக் கீழ நின்னு அண்ணாந்து பாக்கறாரு, புதுசாப் பாக்கற மாதிரி.

"இதுலயே காத்து நல்லாத்தான் வருது" அப்படிங்கறாரு.

ஹாலுக்குப் போய் தலகாணியை எடுத்துக்கிட்டு வர்றாரு. கட்டில்கிட்ட வந்து எந்தப் பக்கம்னு ஒரு நிமிஷம் நின்னுட்டு, சுத்திக்கிட்டுப் போய், என் இடது பக்கமாப் படுக்கறாரு.